செடி தண்ணீரை என்ன செய்கிறது? வேர் முதல் இலைத்துளை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வாடித் தொங்கும் செடியைப் பார்த்தால் கை தானாகவே தண்ணீரைத் தேடும். எனக்கும் அப்படித்தான். தொட்டியில் வளர்த்த செடி ஒன்று ஒருநாள் இலையைத் தொங்கப் போட்டது, தண்ணீர் ஊற்றினேன், மறுநாளும் தொங்கியது, இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், ஒரு வாரத்தில் செடி போயே போய்விட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மண் சேறாக இருக்கிறது, வேரெல்லாம் பழுப்பேறி, தொட்டால் தோல் கழன்று கையோடு வருகிறது, நாற்றம் வேறு. அதாவது தண்ணீருக்குள் நின்றுகொண்டே அந்தச் செடி தாகத்தில் செத்திருக்கிறது!

அது எப்படி என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரு சொட்டு நீர் மண்ணிலிருந்து கிளம்பி இலை வழியாகக் காற்றுக்குப் போகும் வரை அதன் பின்னாலேயே போவோம், அப்புறம் தண்ணீர் ஊற்றும் கலைக்கு வருவோம். எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஊற்ற வேண்டும் என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குத் தாவலாம், ஆனால் அங்கே நாள் கணக்கு எதுவும் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பது நடுவில் இருக்கிறது.

படி 1: செடிக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு பச்சை இலையைப் பறித்து எடை போட்டால் அதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர்தான். உயிருள்ள மரத்தின் கட்டையில்கூடப் பாதிக்குப் பாதி நீர் இருக்கும். உலர்ந்த விதை மட்டும் விதிவிலக்கு, அதில் சுமார் 5 முதல் 15 சதவீதம்தான், அதனால்தான் அது ஆண்டுக்கணக்கில் தூங்க முடிகிறது.

செடியின் உடம்பே தண்ணீரால் ஆனது என்று நம்பிய ஒருவர் இருந்தார். யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட் என்ற அந்த பெல்ஜிய அறிஞர், சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். கடைசியில் எடை பார்த்தால் மரம் 76 கிலோவுக்கு மேல், மண்ணில் குறைந்ததோ அறுபது கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு 1648இல்தான் இது அச்சில் வந்தது. மரம் முழுக்க முழுக்கத் தண்ணீரிலிருந்தே உருவானது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. மீதிப் பாதி காற்றிலிருக்கும் கரியமில வாயுவிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், ‘கேஸ்’ என்ற சொல்லையே உருவாக்கியவர் அவர்தான், கரி எரியும்போது வரும் அந்த வாயுவைத் தனியாக அடையாளம் கண்டவரும் அவர்தான். விடை கையில் இருந்தும் தொட்டியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தண்ணீருக்குச் செடியில் நான்கு வேலைகள் என்று பள்ளியில் படித்திருப்போம்: உணவு தயாரிக்கக் கச்சாப்பொருள், சத்துகளை ஏற்றிச் செல்லும் வண்டி, வெயிலில் குளிர்ச்சி, நிமிர்ந்து நிற்க விறைப்பு. இந்த நான்கில் கடைசிதான் அதிகம் பேசப்படாதது, நான் முதலில் சொல்ல நினைப்பதும் அதைத்தான்.

மரத்துக்குக் கட்டை இருக்கிறது, நிற்கிறது. சின்னச் செடிக்கு எலும்பும் இல்லை கட்டையும் இல்லை, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? தண்ணீரைத்தான். ஒவ்வொரு செல்லும் கெட்டியான சுவருக்குள் அடைபட்ட ஒரு பலூன் மாதிரி, உள்ளே நீர் புகுந்து சுவரை வெளிப்பக்கமாக அழுத்துகிறது. இந்த விறைப்பழுத்தம் சாதாரணமாகவே 5 முதல் 10 வளிமண்டல அழுத்தம் இருக்கும், அதாவது கார் டயரில் அடைத்திருக்கும் காற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு. அது இறங்கினால் இலை தொங்கும், அவ்வளவுதான் வாடுதல் என்பது. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டதும் இலைகள் மூடிக்கொள்வதும் இதே கணக்குதான், இலைக்காம்பின் அடியில் புடைத்திருக்கும் பகுதியில் ஒரு பக்கத்துச் செல்கள் சட்டென்று தண்ணீரை வெளியே விட்டுவிடுகின்றன.

வளர்ச்சியும் இந்த அழுத்தத்தை நம்பித்தான் நடக்கிறது. புதுச் செல் பெரிதாவது என்பது பெரும்பாலும் அதற்குள் தண்ணீர் புகுந்து, இளகிய சுவரை இழுத்து நீட்டுவதுதான். எனவே தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே, இலை வாடுவதற்கு முன்பே, வளர்ச்சி மெதுவாகிவிடும். செடி பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் புது இலைகள் மட்டும் சிறுத்துக்கொண்டே வருகின்றன என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

செய்து பாருங்கள்: ஓர் உருளைக்கிழங்கை விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, ஒன்றை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றை நிறைய உப்புப் போட்ட தண்ணீரிலும் ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். வெறும் தண்ணீரில் கிடந்தது மொடமொடவென்று விறைத்திருக்கும், உப்புத் தண்ணீரில் கிடந்தது ரப்பர் போல வளையும். இரண்டுமே தண்ணீரில்தான் கிடந்தன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், உரம் போடும் இடத்தில் இது திரும்ப வரும்.

படி 2: விதையிலிருந்து தொடங்குங்கள்

விதை முதலில் செய்வது உயிர்வேலையே அல்ல, உலர்ந்த பஞ்சு நீரை இழுப்பது போன்ற ஒன்று. செத்த விதைகூட ஊறி உப்பும். அந்த உப்புதலுக்கு உறையைக் கிழிக்கும் வலு உண்டு. உயிருள்ள விதையில் நீர் ஏறியதும் உள்ளேயிருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு, சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகின்றன. முதலில் வெளியே வருவது வேர், ஏனென்றால் முதல் தேவை தண்ணீர். இந்தக் கட்டத்தில் மட்டும்தான் செடிக்கு மன்னிப்புக் குணம் கிடையாது. ஊறி முளைவிட்ட விதை ஒருமுறை காய்ந்தால் மறுபடி தூங்கப் போக முடியாது, செத்துவிடும். விதை போட்ட மண் மேற்பரப்பு வரை ஈரமாகவே இருக்க வேண்டும் என்பது இதனால்தான், வளர்ந்த செடிக்கு அந்த அவசியம் இல்லை.

படி 3: வேருக்குள் எப்படி நுழைகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

தண்ணீரை உறிஞ்சுவது தடித்த பழுப்பு வேர் அல்ல. நுனிக்குச் சற்றுப் பின்னால், கண்ணுக்குப் பஞ்சு போலத் தெரியும் வேர்த்தூவிகள்தான் பெரும்பங்கு உறிஞ்சுகின்றன. ஒவ்வொரு தூவியும் ஒரே செல்லின் நீட்சி, சில நாட்களே உயிரோடு இருக்கும், புதுசு புதுசாக முளைத்துக்கொண்டே போகும். எவ்வளவு இருக்கும் என்று ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1937இல் எண்ணியே பார்த்தார். நான்கு மாதம் வளர்ந்த ஒற்றை ரை தானியச் செடியின் வேர்களை அடுக்கினால் 600 கிலோமீட்டருக்கு மேல் வந்தது, வேர்த்தூவிகள் சுமார் 1,400 கோடி, அவற்றின் மொத்த நீளம் 10,000 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரு பெட்டி மண்ணுக்குள்!

இதைப் படித்த பிறகு நாற்றைப் பிடுங்கி வேரை உதறிக் கழுவி நடுவதை நிறுத்திவிட்டேன். நட்ட மறுநாள் செடி துவண்டு போவதற்குக் காரணம் மண்ணில் ஈரமில்லாதது அல்ல, அந்தத் தூவிகளில் பாதி அறுந்துபோனதுதான். மண்ணோடு சேர்த்து எடுங்கள், நட்ட பிறகு சில நாட்கள் நிழலில் வையுங்கள், புதுத் தூவிகள் வரும்வரை செலவைக் குறைப்பது ஒன்றே வழி.

தண்ணீரை உள்ளே இழுப்பது சவ்வூடு பரவல். செல்லுக்குள் உப்புகளும் சர்க்கரையும் கரைந்து அடர்த்தியாக இருக்கின்றன, மண்நீர் அதைவிடத் தெளிவாக இருக்கிறது, எனவே நீர் அடர்த்தியான பக்கம் நகர்கிறது. செல்சவ்வில் தண்ணீர் மூலக்கூறுகள் மட்டும் ஒற்றை வரிசையில் நுழைந்து போகும் புரதக் குழாய்கள் உண்டு, அக்வாபோரின் என்று பெயர். பீட்டர் ஏகர் முதலில் மனிதச் சிவப்பணுக்களில் கண்டுபிடித்தவை இவை, 2003இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வேர்ச் செல்களிலும் இவை ஏராளம். இந்தக் குழாய்களுக்குக் கதவு உண்டு, மூடவும் முடியும். அந்தக் கதவுதான் என் செடியின் சாவுக்குச் சாட்சி, சற்றுப் பொறுங்கள்.

வேரின் நடுப்பகுதிக்குப் போகும் முன் ஒரு சோதனைச்சாவடியும் இருக்கிறது. அகத்தோல் என்ற செல் அடுக்கில், செல்களின் சுவர்களுக்கிடையே நீர் புகாத பட்டை ஒன்று சிமென்ட் பூசியது போல ஓடுகிறது, காஸ்பேரியன் பட்டை என்பார்கள். சந்து பொந்து வழியாக வந்த நீரெல்லாம் இங்கே நின்று, ஏதாவது ஒரு செல்லுக்குள் நுழைந்துதான் தாண்ட வேண்டும். எந்த உப்பை உள்ளே விடுவது, எதை நிறுத்துவது என்று செடி தீர்மானிக்கும் இடம் இதுவே.

படி 4: மேலே ஏறும் வழி

இனித்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. கலிபோர்னியாவில் ஹைப்பீரியன் என்ற ரெட்வுட் மரம் 115 மீட்டருக்கு மேல் உயரம், அதன் உச்சி இலைக்கும் வேரிலிருந்துதான் பெருமளவு நீர் போக வேண்டும். மோட்டார் இல்லை, இதயம் இல்லை. எப்படி?

உறிஞ்சுகுழல் போல மேலிருந்து காற்றை இழுத்தால் தண்ணீர் பத்து மீட்டருக்கு மேல் ஏறாது, வளிமண்டலம் அதற்கு மேல் தள்ளாது. மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுமே என்றால், செடிக்குள் நீரை மேலே கொண்டுபோகும் சைலம் குழாய்களின் அகலத்துக்கு அது பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவைத் தாண்டாது. வேர் கீழிருந்து தள்ளுகிறதா? தள்ளத்தான் செய்கிறது. ஈரமான இரவு கழிந்த காலையில் புல் நுனியிலும் இலை ஓரத்திலும் முத்து முத்தாக நிற்கும் நீரில் பெரும்பகுதி பனி அல்ல, வேரழுத்தம் தள்ளி வெளியேற்றிய செடியின் சொந்த நீர். பனி என்றால் இலை முழுக்கப் படர்ந்திருக்கும், இது ஓரங்களில் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும். ஆனால் இந்தத் தள்ளல் சில மீட்டருக்குத்தான் தாங்கும், அதுவும் நண்பகலில், தண்ணீர் மிக வேகமாக ஓடும் நேரத்தில், இருக்கவே இருக்காது.

சரி, மரத்தின் உயிருள்ள செல்கள் இடையிடையே பம்ப் செய்கின்றனவோ? எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஜெர்மானியர் 1890களின் தொடக்கத்தில் இதற்குக் கொடூரமான ஒரு சோதனை செய்தார். உயரமான மரங்களை அடியில் அறுத்து, செல்களைக் கொல்லும் நஞ்சுக் கரைசலில் நிறுத்தினார். நஞ்சு போகிற வழியில் எல்லாச் செல்லையும் கொன்றபடியே மேலே ஏறியது, 20 மீட்டருக்கு மேலும் ஏறியது. இலைகளைத் தொட்டு அவை செத்த பிறகுதான் ஏற்றம் நின்றது. அப்படியென்றால் தண்டு வெறும் குழாய், இழுப்பு இருப்பது இலையில்.

1894இல் டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் விளக்கம் சொன்னார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாப்பிடியாகப் பற்றிக்கொள்பவை. இலையில் ஒரு மூலக்கூறு ஆவியாகிப் போனால் அது பின்னாலிருப்பதை இழுக்கும், அது அதற்குப் பின்னாலிருப்பதை, இப்படி இலையிலிருந்து வேர் வரை ஒரே கயிறு. வெயில்தான் கயிற்றை இழுக்கிறது, செடி அதற்காக ஒரு காசு சக்தியும் செலவழிப்பதில்லை. சைலம் குழாய்கள் செத்த செல்களின் கூடுகள் என்பதும், அவற்றின் சுவர் மரத்தன்மை ஏறிக் கெட்டியாக இருப்பதும் காரணத்தோடுதான், இல்லாவிட்டால் அந்த இழுப்பில் குழாய் சப்பையாகிவிடும்.

கயிறு அறுவதும் உண்டு. வறட்சியில் இழுப்பு அதிகமாகும்போது குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து அந்தத் தடம் அடைபட்டுப் போகும். பூச்சாடியில் வைக்கும் பூக்களின் காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே மறுபடி நறுக்கச் சொல்வது இதற்குத்தான், வெளியே வெட்டியபோது உள்ளே போன காற்றைக் கழித்துவிடுகிறோம். டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தண்ணீர் கிடைக்காத தக்காளி, புகையிலைச் செடிகள் நமக்குக் கேட்காத மீயொலியில் ‘டிக் டிக்’ என்று மணிக்குப் பல பத்து முறை ஒலிப்பதைப் பதிவு செய்தார்கள். இந்தக் குமிழிகள் வெடிப்பதுதான் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

செய்து பாருங்கள்: வெள்ளைப் பூ ஒன்றின் காம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சிவப்புச் சாயம் கலந்த நீரிலும் மறு பாதியை நீலத்திலும் நிறுத்துங்கள். அடுத்த நாளுக்குள் பூ இரு நிறமாகும். எந்தக் குழாய் எந்த இதழுக்குப் போகிறது என்பதையே பார்த்துவிடலாம்.

படி 5: இலைத்துளையில் நடக்கும் பேரம்

வேர் எடுக்கும் தண்ணீரில் நூற்றுக்கு 97க்கு மேல் இலை வழியாகக் காற்றில் போய்விடுகிறது. உடம்பில் தங்குவதும் உணவு தயாரிப்பில் செலவாவதும் சேர்ந்தே மீதிச் சொச்சம்தான். முதல் தடவை இதைப் படித்தபோது, இதென்ன ஊதாரித்தனம் என்றுதான் தோன்றியது.

ஊதாரித்தனம் இல்லை, அது விலை. உணவு தயாரிக்க இலைக்குக் கரியமில வாயு வேண்டும், காற்றில் அது பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவே இருக்கிறது. அதை உள்ளே விட ஜன்னலைத் திறக்க வேண்டும், திறந்தால் ஈரமான உட்புறத்திலிருந்து நீராவி வெளியே ஓடும். சாதாரணச் செடிகளில் ஒரு கரியமில வாயு மூலக்கூறு பிடிபடுவதற்குள் சில நூறு தண்ணீர் மூலக்கூறுகள் பறந்துவிடுகின்றன. இந்த ஜன்னல்தான் இலைத்துளை. பல செடிகளில் இலையின் அடிப்பக்கத்தில் சதுர மில்லிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள். அவற்றுக்குள் பொட்டாசியம் ஏறும், பின்னாலேயே தண்ணீர் ஏறும், புடைத்து வளைந்து நடுவில் துளை திறக்கும். தண்ணீர் போனால் துவண்டு மூடும். பூட்டும் தண்ணீர்தான், சாவியும் தண்ணீர்தான்.

மண் காயத் தொடங்கினால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் காப்புச் செல்களுக்குச் சேதி சொல்லும், உடனே துளைகள் மூடும். தண்ணீர் மிச்சம், ஆனால் கரியமில வாயுவும் நின்றுபோகும், அதாவது செடி பட்டினி கிடந்து தாகத்தைச் சமாளிக்கிறது. கள்ளி, அன்னாசி போன்றவை வேறு வழி பிடித்தன. ராத்திரி குளிர்ச்சியில் துளையைத் திறந்து வாயுவைப் பிடித்து அமிலமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, பகலில் கதவை அடைத்துவிட்டுச் சமைக்கின்றன. அவை மெதுவாக வளர்வதும், நீங்கள் மறந்துபோனாலும் பிழைத்துக்கிடப்பதும் அதனால்தான்.

போகும் நீர் சும்மாவும் போவதில்லை. ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை இலையிலிருந்து எடுத்துக்கொள்கிறது, நமக்கு வியர்வை மாதிரி. மரநிழல் கூரை நிழலைவிடக் குளிர்ச்சியாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கூடவே, மண்ணிலிருக்கும் நைட்ரஜன், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் அந்த ஓட்டத்தில்தான் மேலே பயணம் செய்கின்றன.

எவ்வளவு போகிறது என்று முதலில் ஒழுங்காக அளந்தவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ். தொட்டியில் வளர்ந்த ஒரு மீட்டர் உயரச் சூரியகாந்தியை எடுத்து, மண்ணிலிருந்து ஆவி போகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடை போட்டார். பகல் 12 மணி நேரத்தில் சராசரி அரை கிலோவுக்கு மேல் குறைந்தது. 1727இல் வெளியான அவர் நூலில் இது இருக்கிறது. எடை போடும் இந்த உத்தியைக் கடைசிப் பகுதியில் நாமும் பயன்படுத்தப் போகிறோம். எடைக்கல்கூட வேண்டாம், இலைகள் நிறைந்த ஒரு கிளையைப் பாலித்தீன் பைக்குள் விட்டு வாயைக் கட்டி வெயிலில் வையுங்கள், சிறிது நேரத்தில் உட்புறம் துளி கோக்கும். பார்த்ததும் பையை எடுத்துவிடுங்கள், உள்ளே இலை வெந்துவிடும்.

படி 6: தங்கிய சொச்சத்தின் கணக்கு

மிச்சமிருக்கும் அந்தச் சில பங்கில்தான் உயிரே இருக்கிறது. பச்சையம் வெயிலைப் பிடித்துத் தண்ணீர் மூலக்கூறை உடைக்கிறது, ஹைட்ரஜன் சர்க்கரைக்குப் போகிறது, ஆக்சிஜன் வெளியே போகிறது. நாம் மூச்சு விடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது. கனமான ஆக்சிஜன் அணுக்களைத் தண்ணீரில் அடையாளமாக வைத்து, சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் குழுவாக 1941இல் இதற்கு வலுவான சான்று காட்டினார்கள். செய்த சர்க்கரையைக் கீழே, வேருக்கும் காய்க்கும் கொண்டு போவதும் தண்ணீர்தான், ஆனால் இந்த முறை ஃபுளோயம் என்ற உயிருள்ள குழாய்களில், தள்ளு அழுத்தத்தில். வேருக்கும் சாப்பாடு மேலிருந்துதான் வருகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

படி 7: குறைவா, அதிகமா என்று கண்டுபிடியுங்கள்

இப்போது என் பழைய செடிக்கு வரலாம். வேர் மூச்சு விடும் உறுப்பு, மண் துகள்களுக்கிடையே இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கிறது. அந்த இடைவெளியெல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு, வேருக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய செல்களுக்குள் அமிலத்தன்மை ஏறும், ஏறியதும் அந்த அக்வாபோரின் கதவுகள் மூடிக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர், உள்ளே வர வழி இல்லை. மேலே இலை வழக்கம்போல ஆவியை விட்டுக்கொண்டிருக்கிறது, தொங்குகிறது. நான் அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அப்புறம் பித்தியம் போன்ற அழுகல் நோய்க் கிருமிகள் மீதி வேலையை முடித்தன.

இலை தொங்குவதை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மண் காய்ந்து இலை தொங்கினால் தாகம். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேரில் கோளாறு, ஊற்றுவதை நிறுத்துங்கள். நண்பகலில் தொங்கி மாலையில் தானாக நிமிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், அந்த வெயிலில் வேரின் வரவைவிட இலையின் செலவு கூடிவிட்டது, அவ்வளவுதான். விடிந்த பிறகும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் உண்மையான பிரச்சினை. தாகத்தில் காயும் இலை பெரும்பாலும் ஓரத்திலிருந்து மொறுமொறுவென்று காயும், வெள்ளத்தில் தவிக்கும் செடியில் அடி இலைகள் சொதசொதவென்று மஞ்சளாகும். இது நூற்றுக்கு நூறு பொருந்தாது, சந்தேகம் இருந்தால் தொட்டியிலிருந்து செடியைச் சரித்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் நல்லது, பழுப்பாகிக் கொழகொழத்தால் அழுகல்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, உரம். உப்புத் தண்ணீரில் போட்ட உருளைக்கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உரத்தை அள்ளிப் போட்டால் மண்நீர் வேர்ச் செல்லைவிட அடர்த்தியாகி, ஈரமான மண்ணிலேயே செடி வறண்டுபோகும். மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிவது அதன் அடையாளம். நிறையத் தண்ணீர் விட்டு அடியில் வழிந்தோட விட்டு, உப்பைக் கழுவுங்கள். காய்ந்த மண்ணில் உரக்கரைசல் ஊற்றவே ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர்.

படி 8: ஊற்றும் முறை

நாள் கணக்கு ஏன் சொல்ல முடியாது என்பது இப்போது புரிந்திருக்கும். செலவைத் தீர்மானிப்பது வெயில், காற்று, காற்றின் ஈரம், இலைகளின் மொத்தப் பரப்பு. வரவைத் தீர்மானிப்பது மண்ணும் வேரும். மேகம் மூடிய ஒரு வாரத்தில் அதே செடி பாதித் தண்ணீரைக்கூடக் கேட்காமல் போகலாம். நாட்காட்டிக்கு இதெல்லாம் தெரியாது.

ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். அங்கே ஈரம் இருந்தால் பெரும்பாலான செடிகளுக்கு இன்று வேண்டாம். கள்ளி, சதைப்பற்றுள்ள செடிகளுக்கு மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான். தொட்டி என்றால் இன்னும் நல்ல வழி ஹேல்ஸின் வழி, தூக்கிப் பாருங்கள். நன்றாக ஊற்றி வடிந்த தொட்டி எவ்வளவு கனம், காய்ந்தது எவ்வளவு கனம் என்று இரண்டு முறை தூக்கினால் கை கற்றுக்கொள்ளும், நான் இப்போது விரலைவிட இதைத்தான் நம்புகிறேன். மண்ணின் ஈரம் காட்டும் மலிவான ஊசிக் கருவிகள் உப்பு அளவைப் பொறுத்து மாறி மாறிக் காட்டும், அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஊற்றும்போது அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றுங்கள், பிறகு அடுத்த தடவை வரை விட்டுவிடுங்கள். தினமும் ஒரு கரண்டி தெளிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முறை, மேல் மண் மட்டும் நனைந்து வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு நாள் வெயில் அதிகமானால் காலி. தட்டில் வழிந்து நிற்கும் நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். காலை நேரம் நல்லது, பகல் செலவுக்குக் கையிருப்பு இருக்கும், நனைந்த இலையும் சீக்கிரம் காய்ந்துவிடும். இரவு முழுக்க ஈரமாயிருக்கும் இலையில் பூஞ்சை சுலபமாக வரும்.

உச்சிவெயிலில் ஊற்றினால் இலை மேல் நிற்கும் துளி லென்ஸ் போலச் சுடும் என்பது வழுவழுப்பான இலைகளுக்குப் பொருந்தாது, 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். முடி அடர்ந்த இலைகளில் துளி மேலே தூக்கி நிறுத்தப்படும்போது மட்டும் அதற்கு வாய்ப்பு உண்டு. எனவே நண்பகலில் செடி உண்மையிலேயே தாகத்தில் இருந்தால் மாலை வரை காத்திருக்காமல் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பதும் அப்படியே ஒரு நம்பிக்கைதான். மேலேயுள்ள மெல்லிய மண் முழுக்க நிறையும் வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது, ஈரச் சேறு வேருக்கு இன்னும் பக்கமாகத்தான் வரும். வடிகால் வேண்டுமென்றால் மண் கலவையையே மாற்றுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, மணல் கொஞ்சம் பிடிக்கும், சீக்கிரம் விட்டுவிடும், களிமண் நிறையப் பிடிக்கும், ஆனால் அதில் ஒரு பகுதியை வேருக்கும் கொடுக்காமல் இறுக்கிக்கொள்ளும். எனவே மணல் மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, களிமண்ணில் மெதுவாக, நிறைய, அரிதாக. இரண்டுக்குமே மட்கு சேர்ப்பது உதவும். தரையில் வளரும் செடிக்குக் காய்ந்த இலைகளால் மூடாக்கு போட்டால் மண்ணிலிருந்து நேராக ஆவியாகும் நீர் நன்றாகக் குறையும், தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள்.

கடைசியாக, முற்றிலும் காய்ந்துபோன தொட்டி. சில நாள் வெளியூர் போய் வந்தால் இப்படி ஆகும். மேலே ஊற்றினால் தண்ணீர் உடனே அடியில் ஓடிவரும், நனைந்துவிட்டது என்று ஏமாந்துவிடுவோம். காய்ந்த மட்குக் கலவை நீரை ஒட்ட விடாது, சுருங்கியும் போயிருக்கும், நீர் தொட்டிச் சுவரை ஒட்டிய சந்து வழியாக ஓடிவிடும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், இன்னும் லேசாக இருக்கும். ஒரு வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்கு நீர் நிரப்பி, தொட்டியை உள்ளே வைத்து, மேல் மண் ஈரமாகும் வரை விடுங்கள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். பிறகு எடுத்து வடிய விட்டு, இரண்டு நாள் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். இலை நிமிர்ந்தால் பிழைத்தது. சில இலைகள் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் சில வாரம் பொறுத்திருக்கலாம்.